தோல் ஷாப்பில் டிசைன் ஸ்டுடியோ: வாசகர் கேள்வி-பதில்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களில், ஓட்டம் நின்ற தோல் ஷாப்புகளை (தோல் பதனிடும் டேனரிகளை) காலணி, கைப்பை, துணி டிசைன் செய்யும் கூடங்களாக மாற்றுவது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கட்டடம், மின்சாரம் இரண்டு பக்கமும் வேலை தெரிந்தவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கே: தாத்தா காலத்து டேனரியை ஷூ டிசைன் ஸ்டுடியோ ஆக்கினோம். கீழ்த்தளச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்திருந்தது. கொத்திவிட்டு சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தோம். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. இப்போது நெஞ்சு உயரத்தில் பொரிகிறது. இன்னும் கெட்டியான கலவை போடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (ஆம்பூர் வாசகர்)

ப: செய்யாதீர்கள். கலவை கெட்டியாக ஆக, பொரிவது இன்னும் மேலே ஏறும்.

உங்கள் சுவரில் இருப்பது வெறும் ஈரம் இல்லை, உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் ஷாப்புக்கு வரும். அதை உதறுவதும் ஊறவைத்துக் கழுவுவதும் கீழ்த்தளத்தில்தான். பல பத்தாண்டுகள் அந்த உப்புத்தண்ணீர் தரையிலும் செங்கல்லிலும் இறங்கியிருக்கிறது. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் திரும்பப் படிகமாகும். சேதம் செய்வது இந்தப் படிகமாகும் வேலை. ஐப்பசி அடைமழையில் கரைந்தது தையில் காயும்போது பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. மழைக்கு ஈரமாகத் தெரிந்த சுவர், வெயில் வந்த பிறகு பொரிவதன் காரணம் இதுதான். பகலில் ஏசி, இரவில் அணைப்பு என்று ஓட்டினால் ஆண்டுக்குச் சில தடவை நடக்க வேண்டியது சில நாட்களுக்கொரு தடவை நடக்கும்.

சிமென்ட் பூச்சும் பெயின்ட்டும் செய்தது என்ன? முன்பு முழங்கால் உயரத்தில் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த ஈரத்துக்கு வழியை அடைத்தது. அது மூடாத இடம் தேடி மேலே ஏறியது, கூடவே உப்பும் ஏறியது. புண்ணுக்குப் புனுகு பூசிய கதைதான்.

முதலில் உப்புதானா என்று பாருங்கள். சுவரில் தரையிலிருந்து 1 அடி, 3 அடி, 5 அடி உயரங்களில் ஓர் அங்குல ஆழத்துக்குத் துளையிட்டுத் தூளைத் தனித்தனியாகச் சேகரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகையை டிஸ்டில்டு வாட்டரில் கலக்கித் தெளியவிட்டு, சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். பால்போல வெளுத்தால் குளோரைடு. குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள், அதுவே வெளுக்கும். எந்த உயரம் வரை வெளுக்கிறதோ அதற்கு மேலும் ஒன்றரை அடி வரை சிமென்ட் பூச்சை முழுதாக எடுக்க வேண்டும். செங்கல் இடுக்கில் உதிரும் சுண்ணாம்பை ஓர் அங்குல ஆழம் சுரண்டுங்கள். விழுந்த தூளை அன்றன்றே அள்ளி வளாகத்துக்கு வெளியே அனுப்புங்கள். சுவரோரம் குவித்தால் அடுத்த மழையில் உப்பு திரும்ப உள்ளே போகும்.

சுவரைத் தொடுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான பழைய ஷாப்புகளில் தெருவும் முற்றமும் மேடாகி, வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். வெளி மண்ணை உள்தரைக்குக் குறைந்தது அரை அடி கீழே இறக்கி, 100 அடிக்கு ஓர் அடி சரிவில் வாய்க்கால் எடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழக் கூடாது. இதைச் செய்யாமல் செலவழிக்கும் பணம் அத்தனையும் வீண்.

பிறகு உப்பை இழுக்கும் பற்று. அச்சடிக்காத காகிதத்தை ஊறவைத்து அரைத்த கூழ் ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய மணல் இரண்டு பங்கு, நல்ல தண்ணீரில் பிசைந்து, சுவரை லேசாக நனைத்து முக்கால் அங்குலம் அப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து தானாகக் கழன்று வரும். வருவதை எறிந்துவிடுங்கள், மீண்டும் குழைத்துப் பூசினால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்ததாகும். இரண்டு தடவை, உப்பு மிகுந்த இடத்தில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் சில்வர் நைட்ரேட் பாருங்கள். முழுதாகப் போகாது, குறையும்.

அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு: புளித்த சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் பொடி) 1, மணல் 2. முதல் கை அரை அங்குலம், இரண்டாவது கை அதில் பாதி. ஒரு வாரம் சாக்கு கட்டி ஈரம் காக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு அடிப்பு மட்டும். எமல்ஷன், பட்டி எதுவும் கூடாது. சில ஆண்டுகளுக்குப் பிறகு கீழ் மூன்றடி மறுபடி உதிரும். அந்தப் பூச்சின் வேலையே அதுதான், செங்கல் உதிராமல் தான் உதிர்வது. அந்த அளவுக்கு மட்டும் கொத்திப் பூசிக்கொள்ளலாம்.

வழவழ சுவர் வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளித் தனிச் சட்டத்தில் பலகை நிறுத்தி, மேலும் கீழும் காற்றுப் போக வழி விடுங்கள். சுவரோடு ஒட்டி ஜிப்சம் போர்டு அடித்தால் அது பின்பக்கமிருந்து அழுகும்.

கே: எங்கள் பழைய ஷாப்பில் தோல் ஊறவைத்த 14 குழிகள், ஒவ்வொன்றும் சுமார் 6 அடிக்கு 5 அடி, ஆழம் 5 அடி. சிலவற்றில் காய்ந்த சேறு. கான்ட்ராக்டர் ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு, இடித்த கல்லைக் கொட்டி மூடிவிடலாம் என்கிறார். (வாணியம்பாடி வாசகி)

ப: ஆசிட் என்ற வார்த்தையை அந்த வளாகத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது. முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியில் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடும் போடுவது வழக்கம். அந்தச் சேற்றில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். ஆசிட் ஊற்றாவிட்டாலும், மேலே காய்ந்த ஏட்டை மண்வெட்டியால் உடைக்கும்போது அடியில் அடைபட்டது வெளியே வரும். அது காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு' என்று இறங்குபவர் அப்போதுதான் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார்.

ஆகவே யாரும் இறங்குவதற்கு முன் நான்கு வாயு காட்டும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்ஸிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம்-ஐத் தொட்டாலோ இறங்கக் கூடாது. ப்ளோயர் குழாயைக் குழியின் அடி வரை விட்டு நல்ல காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குபவர் உடம்பில் முழுப் பாதுகாப்புப் பட்டை, குழிக்கு மேலே மூன்று கால் தாங்கியும் இழுக்கும் கயிறும், பார்த்துக்கொண்டே நிற்க ஓர் ஆள். முடிந்தால் யாரையும் இறக்காமல் சிறிய எக்ஸ்கவேட்டரால் மேலிருந்தே அள்ளுங்கள். 5 அடி ஆழத்துக்கு அதன் கை தாராளமாக எட்டும்.

சேற்றைப் பரிசோதிக்காமல் அப்புறப்படுத்த முடியாது. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்த குரோமியம், ஆறிணைதிற குரோமியம் (அதன் நச்சு வடிவம்), சல்ஃபைடு, பிஎச் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் அடங்கும் அளவு இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற வண்டியில், கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் மேனிஃபெஸ்ட் சீட்டோடுதான் போக வேண்டும். இரவோடு இரவாகப் பாலாற்றங்கரையில் கொட்டும் டிராக்டர் மலிவுதான். வழக்கு வந்தால் உங்கள் பெயரில் வரும்.

இப்போது நிரப்புவது. ஒரு குழி 150 கன அடி, பதினான்குக்கு 2,100 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி என்று 21 யூனிட். இடித்து இறுகும் அளவையும் சேர்த்து 26 யூனிட் கிராவல் வாங்குங்கள். இடிபாட்டுக் கல்லில் மரத்துண்டு, பூச்சு, பை எல்லாம் கலந்திருக்கும். நடுவில் பொந்து விழும், ஓராண்டில் தரை இறங்கும். கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் இடியுங்கள். குழியில் தண்ணீர் தேங்காதபடி, சேறு எடுத்த பின் அடித்தளத்தை நாலைந்து இடத்தில் உடைத்துவிடுங்கள். அடியில் மண்ணும் கெட்டிருப்பதாகச் சோதனை சொன்னால் மட்டும் உடைக்கக் கூடாது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. குழியின் செங்கல் சுவரைத் தரை மட்டம் வரை விட்டுவைத்து மேலே கான்கிரீட் போட்டால், பிறகு பதினான்கு குழியின் கோடும் தரையில் விரிசலாகத் தெரியும். சுவர் இறங்காது, நிரப்பிய மண் கொஞ்சமாவது இறங்கும், இரண்டுக்கும் நடுவில் தரை பிளக்கும். நிரப்புமுன் குழிச் சுவரின் தலையைத் தரைக்கு ஓரடி கீழே வரை தட்டி எடுங்கள். மேலே 250 மைக்ரான் பாலிதீன் விரிப்பு, ஓரத்தில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏற. அதன்மேல் 6 அங்குல எம்20 கான்கிரீட், 8 மி.மீ. கம்பி 8 அங்குல இடைவெளியில் இரு திசையும். கம்பிக்குக் கீழே 2 அங்குலம் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்). உப்பு மண்ணில் ஓர் அங்குல கவர் போதாது, கம்பி துருப்பிடித்து ஊதும்.

ஒரு குழியை மட்டும் நினைவாக விட்டுக் கண்ணாடி போட ஆசைப்படுவார்கள். போடலாம்; ஆனால் உள்ளே காற்றோட்டமும் தண்ணீர் வடியும் வழியும் இல்லாமல் மூடினால் அடியில் வேர்த்து வேர்த்து எதுவும் தெரியாது.

கே: போர்வெல் தண்ணீரை வைத்தே கட்டட வேலையை முடிக்கலாமா? வாங்குமுன் நிலத்தில் வேறு என்ன பார்க்க வேண்டும்? (ராணிப்பேட்டை வாசகர்)

ப: தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு சட்டிக் கலவைகூடப் போடாதீர்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு. பிஎச் 6-க்குக் குறையக் கூடாது. தாண்டினால் லாரித் தண்ணீர்தான். சுண்ணாம்புப் பூச்சுக்கும் உப்பு இழுக்கும் பற்றுக்கும் இதே எச்சரிக்கை. உப்பை எடுக்க உப்புத்தண்ணீரை ஊற்றுவதில் அர்த்தமில்லை.

குடிக்க, கை கழுவ என்றால் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பது குடிநீர்த் தர வரம்பு. கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது.

தோல் ஷாப்பில் பயன்பட்டது மூன்றிணைதிற குரோமியம், பச்சை நீலச் சாயல். மஞ்சள் நிறமாக மண்ணிலோ தேங்கிய நீரிலோ கண்டால் அது ஆறிணைதிறமாக இருக்கலாம். புற்றுநோய் உண்டாக்கக் கூடியது, நீரில் எளிதில் கரைந்து நகரும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் எல்லோரும் அறிந்தது. அந்தப் பக்கம் இடம் பார்க்கிறீர்கள் என்றால் முன்பணம் கொடுக்குமுன் மண் அறிக்கை கையில் இருக்கட்டும். மேல் மண் மட்டும் போதாது, 1 அடி, 3 அடி, 6 அடி ஆழத்தில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

காகிதப் பக்கம்: வில்லங்கச் சான்றோடு, பழைய ஷாப்புக்கு வாரியம் கொடுத்த இயக்க இசைவு முறையாக ஒப்படைக்கப்பட்டதா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பாக்கி உண்டா, அதற்குப் போகும் குழாய் அடைக்கப்பட்டதா என்று பாருங்கள். 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து இந்தத் தொழிலில் கழிவுக்கான பொறுப்பு காகிதத்தோடு பின்தொடர்கிறது. ஆற்றோரம் என்றால் 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டம் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஸ்விட்ச் போர்டு எல்லாம் அதற்கு மேலே.

கே: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. எடுத்துவிட்டு, பார்க்க அழகாகச் சீமை ஓடு போட நினைக்கிறோம். (மேல்விஷாரம் வாசகர்)

ப: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சதுர மீட்டருக்கு 13, 14 கிலோ. சீமை ஓடு, ரீப்பரோடு சேர்த்து 50 கிலோவை நெருங்கும். இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) பழைய எடைக்குக் கணக்குப் போட்டது. அதைவிட, ஷீட் கூரையின் சரிவு பெரும்பாலும் 15 முதல் 18 டிகிரிதான். ஓட்டுக்கு 25 டிகிரியாவது வேண்டும். இல்லையென்றால் சாய்ந்தடிக்கும் மழை ஓட்டுக்கு அடியில் ஏறும். அழகுக்காக டிரஸையே மாற்றுவது தேவையா என்று யோசியுங்கள். 50 மி.மீ. பஃப் பேனல் (இரு தகட்டுக்கு நடுவே ஃபோம்) 11 கிலோ அளவில் முடிந்துவிடும், சித்திரை வெயிலையும் நன்றாக மறிக்கும். ஆனால் லேசான கூரையைக் காற்று தூக்கும். ஓரத்திலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும், நடுவில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டிலும், ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ அடிக்க வேண்டும். டிரஸ் அடிமுனை சுவரில் உட்காரும் இடத்தில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைத் தட்டிப் பார்த்துவிட்டே மேற்கொண்டு பேச்சு.

ஷீட்டை எடுப்பதில் இரண்டு ஆபத்து. பழைய ஷீட்டில் கால் வைத்தால் உடைந்து விழுவார்கள்; பர்லினுக்குப் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) பலகை போட்டு அதில் மட்டும் நடக்க வேண்டும். இரண்டாவது, நார்த்தூசி. முந்தின நாளே சோப்புக் கரைசல் தெளித்து நனையுங்கள், எடுக்கும்போதும் நனையுங்கள். துருப்பிடித்த ஜே போல்ட்டை போல்ட் கட்டரால் வெட்டுங்கள். கிரைண்டர், டிரில் ஷீட்டில் படவே கூடாது. முழு ஷீட்டாக இறக்கி, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது, பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். எடுத்த ஷீட்டை 'மாட்டுக் கொட்டகைக்கு' என்று யாராவது கேட்பார்கள். கொடுக்காதீர்கள், அதுவும் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது.

கே: எங்கள் ஷெட்டில் ரம்பப்பல் கூரை, வடக்குப் பார்த்த கண்ணாடி. டிசைன் வேலைக்கு வடக்கு வெளிச்சம்தான் சிறந்தது, நேர் வெயில் வராது என்று படித்தோம். மே மாதம் மேசை மேல் வெயில் அடிக்கிறதே? (வேலூர் வாசகி)

ப: நீங்கள் படித்தது இங்கிலாந்துக்குச் சரி. வேலூர் ஏறக்குறைய 12.9 டிகிரி வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் சூரியன் உச்சியைக் கடந்து வடக்கே போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரம்தான் தெற்கே திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வரும். மான்செஸ்டர் ஷெட்டை அப்படியே பார்த்துக் கட்டியவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தீர்வு கடினமில்லை. ஜூன் 21 நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட 79.5 டிகிரி உயரத்தில் நிற்கும். 5 அடி உயரச் செங்குத்துக் கண்ணாடிக்கு மேலே ஓரடி நீட்டல் இருந்தால் அந்த வெயில் உள்ளே வராது. 20 அங்குலம் நீட்டினால் காலை சுமார் 9.15 முதல் மாலை 3.15 வரை முழு நிழல். அதற்கு முன்னும் பின்னும் சூரியன் தாழ்ந்து, கிழக்கு மேற்குப் பக்கத்திலிருந்து சாய்ந்து வரும்; நீட்டல் தடுக்காது. அதற்கு நிமிர்த்திய தகடுகள் வேண்டும்: கண்ணாடிக்கு வெளியே 9 அங்குல அகலத் தகடு, 20 அங்குலத்துக்கு ஒன்று. இந்த விகிதம் ஜூன் மாத உதயச் சூரியனையும் நிறுத்தும். தகட்டுக்கு மங்கல் வெள்ளை அடியுங்கள், வெளிச்சம் குறையாது. உங்கள் கண்ணாடி சாய்வாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கூரை மாற்றும்போதே நிமிர்த்திவிடுங்கள். உள்பக்க பிளைண்டு கண்கூச்சத்தைக் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதே.

விளக்கு: 1,000 சதுர அடிக்குப் பொது வெளிச்சம் 300 லக்ஸ் வேண்டும் என்றால் 36 வாட், 3,600 லூமென் எல்.இ.டி. 20 போதும். செங்கல் சுவரும் உயரக் கூரையும் வெளிச்சத்தைத் தின்னும் என்பதைச் சேர்த்துச் சொன்ன எண் இது. பேட்டர்ன் வெட்டும் மேசைக்குத் தனி விளக்கு வைத்து 750 முதல் 1,000 லக்ஸ். சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்குக் குறையாமல், விளக்கின் நிறம் 4,000 கெல்வின்.

நிறம் பார்க்க ஒரு மூலையை ஒதுக்குங்கள்: 6,500 கெல்வின் விளக்கு, மூன்று பக்கமும் நடுநிலைச் சாம்பல் சுவர். திறந்த செங்கல் சுவருக்குப் பக்கத்தில் பழுப்புத் தோலைப் பார்த்தால் சுவரின் சிவப்பும் அதில் ஏறும். தோலும் நூலும் ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிவது சாதாரணம். சாயம் வேறு வேறு. 6,500-இல் பார்த்த பிறகு கடையில் எரியும் மஞ்சள் விளக்கிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

கே: கூடம் 60 அடிக்கு 30 அடி, உயரம் 16 அடி. ஒருவர் போனில் பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது, எதுவும் புரியவில்லை. சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா? (ஆற்காடு வாசகர்)

ப: முட்டை அட்டை தீப்பிடிக்கும், ஒலியை ஒன்றும் செய்யாது. உங்கள் கூடம் 28,800 கன அடி. வெறும் செங்கல், தரை, கூரை என்றால் ஒலி அடங்க 5 விநாடிக்கு மேல் ஆகும். பேச்சு புரிய ஒரு விநாடிக்குள் வர வேண்டும். ஆட்கள், நாற்காலி போக இன்னும் 1,100 முதல் 1,200 சதுர அடி உறிஞ்சும் பலகை தேவை: 50 மி.மீ. ராக்வூல், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, துணி உறை. கூரைக்கு அடியில் 3 அங்குலம் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் கனத்த குரலையும் பிடிக்கும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் இரு பக்கமும் வேலை செய்யும், பலகை எண்ணிக்கை குறையும். அரை அங்குல ஃபோம் வாங்கி ஏமாறாதீர்கள். போன் பேச மூடிய சிறு அறை இரண்டு கட்டிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு.

கே: மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்டது). முன்பு தோல் காயப்போட்ட இடம். அங்கே 12 பேர் உட்கார்ந்து வேலை செய்யலாமா? (பேரணாம்பட்டு வாசகர்)

ப: காயும் தோலின் எடை அதிகமில்லை, அதைத் தாங்கியது ஆளையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அலுவலகத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ, தனிச் சேமிப்பறை இல்லாவிட்டால் 400 கிலோ என்பது கட்டட எடைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கணக்கு. முதலில் உத்திரத்தின் சுவருக்குள் போகும் முனையைப் பாருங்கள். நடுவில் தேக்கு கல் மாதிரி இருக்கும், முனையில் விரல் இறங்கும். குத்தூசி கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையைக் குறித்துவையுங்கள். இருபுறமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட் போடலாம், அல்லது முனைக்கு அடியில் தாங்கு கொடுக்கலாம்.

அடுத்தது மேலே இருக்கும் வேண்டாத எடை. ஒழுகிய போதெல்லாம் ஒரு சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள். ஓர் அங்குலம் சிமென்ட் சதுர மீட்டருக்கு 55 கிலோ. மூன்று தடவை போட்டிருந்தால் நீங்கள் ஆள் ஏற்றுமுன்பே 165 கிலோ ஏறிவிட்டது. அதைச் செதுக்கி எடுத்து, பழைய சுண்ணாம்பு ஜல்லித் தளம் தெரியும் வரை இறங்கி, அதைச் சரிசெய்யுங்கள். சுத்தியல் மெஷின் வேண்டாம், அதிர்வில் சாய்த்து அடுக்கிய செங்கல் கழன்று விழும். பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முன்னிலையில் தண்ணீர் டிரம் வைத்து எடைச் சோதனை. 10 அடி உத்திரம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொய்ந்தால் மேற்கொண்டு ஏற்றக் கூடாது.

சோதனையில் தேறினாலும் காகித அலமாரி, தோல் கட்டு, கட்டிங் மெஷின் எல்லாம் கீழ்த்தளத்துக்கே. 3 அடி அகலம், 6 அடி உயர அலமாரி நிறையக் காகிதம் 300 கிலோவைத் தாண்டும்.

கே: வயரிங்கில் தனியாகக் கவனிக்க என்ன இருக்கிறது? (வேலூர் வாசகர்)

ப: உப்பும் சல்ஃபைடும். உப்பு மண்ணில் எர்த் ரீடிங் அழகாகக் குறைவாகக் காட்டும், ஜி.ஐ. பைப்பை அதே மண் தின்றுவிடும். செம்பு பூசிய கம்பியாகப் போட்டு ஆண்டுக்கொரு முறை அளந்து எழுதிவையுங்கள். போர்டை உப்புச் சுவரில் நேராக அறையாமல் 2 அங்குலம் தள்ளி, பாலிகார்பனேட் பெட்டியில். வயர் முனையில் மாட்டும் லக் எல்லாம் ஈயம் பூசியது. பிளக் சர்க்யூட்டுக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர், 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் தானாக அணையும் ஸ்விட்ச்) கட்டாயம். குழிகளைச் சுத்தம் செய்யுமுன் ஏசி மாட்டினால் சல்ஃபைடு வாயுவில் செம்புக் காயில் கருத்து, ஓட்டை விழுந்து, கேஸ் போகும். கம்பெனிக்காரர் வாரண்டி தர மாட்டார். இணைப்பு இன்னும் தொழிற்சாலைக் கட்டண வகையில் இருக்கும். வணிக வகைக்கு நீங்களே எழுதிக் கொடுத்து மாற்றுங்கள், ஆய்வில் பிடித்தால் கூடுதல் தொகை கையைச் சுடும். பழைய பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சில:

மழை வந்தால் பழைய தோல் நாற்றம் வருகிறது. தரைத் துளைகளில் கொழுப்பும் புரதமும் ஊறியிருக்கின்றன, ஈரம் பட்டால் கிளம்பும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீனைத் தரையில் நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வேர்த்தால் எபாக்ஸி போடக் கூடாது, கொப்பளிக்கும். ஊறிய மேல் தளத்தை 2 அங்குலம் எடுத்துவிட்டு, பாலிதீன் விரித்து, கடப்பா கல் போடுங்கள்.

சுவரில் செங்கலைத் திறந்து காட்டலாமா? மேல்தளத்தில் தாராளமாக. கீழ் நான்கு அடியில் வேண்டாம், தினமும் பெருக்க வேண்டியிருக்கும். சாண்ட் பிளாஸ்டிங் எங்குமே வேண்டாம். செங்கலின் சுட்ட மேல்பரப்பு போனால் செங்கல் உதிரும்.

டிரம் ஓட்டிய ஷாஃப்டையும் புல்லியையும் அழகுக்கு விட்டுவைக்கலாமா? பெல்ட்டைக் கழற்றி, சுற்றாதபடி பின் அடித்து, பேரிங் பிராக்கெட் போல்ட்டைப் புதிதாக்கிவிட்டு விடலாம். விளக்கையோ ஏசி டக்டையோ அதில் தொங்கவிடாதீர்கள்.

ரோலிங் ஷட்டர் ஒன்றே வாசல். போதுமா? போதாது. எந்த இருக்கையிலிருந்தும் 30 மீட்டருக்குள் வெளியேறும் வழி, இரண்டு திசையில். கதவு ஒரு மீட்டர் அகலம், வெளிப்பக்கம் திறப்பது. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது வரைபடத்திலேயே இதைக் காட்டிவிடுங்கள். சுவரை உடைக்க வேண்டிய இடம் அப்போதே தெரிந்துவிடும்.